ஏழாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஸ்தி வேனை எடுத்துக்கொண்டு ஆள் பிடிக்கக் கிளம்பினார். பயிற்சியாளர் என்று பெயர். செய்கிற வேலை என்னவோ வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது. குர்பார்தி ஊரின் ருஃபேயா கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் பயிற்சியாளர், அவர்தான் செயலாளர், அவர்தான் ஓட்டுநர். சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுவதும் அவர்தான். மனைவி அந்த வேலையை எப்போதோ கைகழுவிவிட்டாள். "உன் கழகம், உன் அழுக்கு" என்று ஒரே பேச்சில் முடித்துக்கொண்டாள்.

கணவாயைத் தாண்டி லெஸ்காவில் மதியம் ஆட்டம். மூன்றாம் பிரிவு, பருவத்தின் கடைசி ஆட்டம். பதினோரு பேர் வேண்டும் என்ற ஆசையை நெஸ்தி போன இலையுதிர் காலத்திலேயே விட்டுவிட்டார். ஏழு பேர் களத்தில் நின்றால் நடுவர் விசில் ஊதுவார். ஆறு பேர் என்றால் ஊதமாட்டார். வராத அணி என்று கணக்கு வைத்துவிடுவார். ஒரு பருவத்தில் இரண்டு தடவை வராத அணியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார்கள். பனிக்காலத்தில் வேன் கணவாயில் சிக்கிக்கொண்ட அன்றைக்கு ஒரு தடவை ஆகிவிட்டது. இன்றைக்கு இன்னொன்று ஆனால், நூறு வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ருஃபேயா அதோடு சரி.

முதல் வீட்டில் பையனின் அம்மா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவன் நேத்தே ஜெர்மனிக்குப் போயிட்டானே நெஸ்தி. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லலையே."

"சொல்லக் கூச்சமா இருந்திருக்கும். பூட்ஸை விட்டுட்டுப் போயிருக்கான். வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

நெஸ்தி பூட்ஸை வாங்கிக்கொண்டார். ஆள் இல்லாவிட்டால் என்ன, பூட்ஸாவது வருகிறதே. அடுத்த வீட்டில் பையனுக்கு மாமா மகள் கல்யாணம். அதற்கடுத்த வீட்டில் யாரும் கதவையே திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

கார் கழுவும் கடையில் கோல்கீப்பர் எர்மால் ரப்பர் பூட்ஸோடு ஒரு பென்ஸ் காருக்கு நுரை பூசிக்கொண்டிருந்தான். முதலாளி நெஸ்தியைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ஞாயித்துக்கிழமைதான்யா எனக்கு வருமானமே. இவனையும் கூட்டிட்டுப் போனா நான் என்ன நாக்கால நக்கியா காரைக் கழுவுறது?"

"சாயந்திரம் கொண்டாந்து விட்டுடறேன்."

"எத்தனை கோல் வாங்கிட்டு?"

"அது அவன் இஷ்டம்" என்றார் நெஸ்தி.

எர்மால் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு வேனில் ஏறினான். அவனுக்கும் விசா வந்துவிட்டது. ஜூன் மாதம் கிளம்புகிறான். அதை அவன் ஒளிக்கவில்லை, வந்த அன்றே ஓடிவந்து சொன்னான். நல்ல பையன்.

மருந்துக்கடைக்காரர் பீரோவுக்கு நாற்பத்துநாலு வயது, வயிற்றுக்கும் ஒரு தனி வயது சொல்லலாம். அவரையும், பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருவரையும், தச்சன் ஒருவனையும், விடுமுறையில் வந்திருந்த போலீஸ்காரன் ஒருவனையும் சேர்த்தபோது வேனில் ஆறு பேர் ஆயிற்று. பீரோ திரும்பித் திரும்பி எண்ணிப் பார்த்தார்.

"நெஸ்தி, ஆறுதான் இருக்கு."

"ஏழு."

"ஏழாவது யாரு?"

நெஸ்தி சட்டைப்பையிலிருந்து தன் ஆட்டக்காரர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஐம்பத்தொன்பது வயது முகம் அதில் படம் பிடித்து ஒட்டப்பட்டிருந்தது. செப்டம்பரிலேயே பதிவுசெய்து வைத்திருந்தார், இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்தேதான். வேனுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

கணவாய் ஏறும்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். தூக்கம் வராதவர் ஸ்டியரிங் பிடித்தவர் மட்டும்தான். ருஃபேயா என்றால் இடி. அமெரிக்காவில் செருப்புத் தைத்துவிட்டு ஊர் திரும்பிய திமி என்பவர் கப்பலில் ஒரு தோல் பந்து கொண்டுவந்தார். அந்தப் பந்திலிருந்துதான் கழகம் பிறந்தது. போர் முடிந்து ஒரே கட்சியின் ஆட்சி வந்ததும் இடி, மின்னல் எல்லாம் கூடாது என்று பெயரை எடுத்துவிட்டு ஒரு தேதியைப் பெயராக வைத்தார்கள். அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டால் இன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயரோடுதான் கழகம் ஒரு தடவை முதல் பிரிவுக்கே போயிற்று. ஆட்டு உரமிட்ட மைதானத்தில் தலைநகரத்து அணிகள் வந்து வழுக்கி விழுந்தன. பிறகு கட்சி போயிற்று, இடி திரும்பி வந்தது, ஆட்கள் போனார்கள்.

ஆட்கள் போன கதையை ஊரே சொல்லும். தொண்ணூற்றொன்றில் கிரேக்க எல்லையோரம் ஓர் ஊரில் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரும் ஆட்டக்காரர்களும் ஆடின உடையோடு மலையேறி எல்லையைத் தாண்டிவிட்டார்கள். பஸ் திரும்பி வந்தபோது அதில் டிரைவரும் இருபதைத் தாண்டிய நெஸ்தியும் மட்டும் இருந்தார்கள். ஒருத்தனாவது விசுவாசமாகத் திரும்பி வந்தானே என்று ஊர்க்காரர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நெஸ்தி அப்போதிருந்தே எல்லாரிடமும் உண்மையைத்தான் சொல்லிவருகிறார்: கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, பஸ்ஸில் படுத்திருந்தேன், தூங்கிவிட்டேன், முழித்துப் பார்த்தால் ஒரு பயல் இல்லை. யாரும் நம்பவில்லை. அடக்கமாகப் பேசுகிறான் என்று அதற்கும் பாராட்டினார்கள். நம்பியவன் ஒரே ஒருவன், லெஸ்கா அணியின் கேப்டன் தாலிப்.

அடுத்த வாரமே லெஸ்காவில் ஆட்டம். நெஸ்தி தன்னோடு ஆலைக் காவலாளியையும் இரண்டு கிழவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். தாலிப் இந்த நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். பிறகு தன் அணியிலிருந்து ஐந்து பேரைப் பிரித்து, ருஃபேயா சட்டையை மாட்டிவிட்டான். ஐந்தில் ஒருவன் அவனே. சும்மா பேருக்கு ஆடவில்லை. சொந்த ஊர்ப் பையன்களைக் காலை வாரிவிட்டு, வியர்க்க வியர்க்கத் தடுத்தான். லெஸ்கா ஒரே கோலில்தான் ஜெயித்தது. லெஸ்கா ஊர்க்காரர்கள் தாலிப்பின் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினார்கள். அன்றைக்கு ருஃபேயா பிழைத்தது அந்த ஐந்து பேரால்தான்.

லெஸ்கா மைதானத்து வாசலில் வேனை நிறுத்திவிட்டு இறங்கிய நெஸ்தி மின்கம்பத்தைப் பார்த்தார். மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. படத்தில் தாலிப் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, யாரோ கட்டாயப்படுத்தியதுபோல் உட்கார்ந்திருந்தான். அடக்கம் இன்று மாலை மூன்று மணி.

நெஸ்தி கம்பத்தில் கையை ஊன்றினார். துக்கத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது கோபம். சாவதற்கு உனக்கு வேறு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா, பாவி?

லெஸ்காவின் பயிற்சியாளர் ஜெலால் கையில் கறுப்புத் துணிப் பட்டையோடு வந்தார். நெஸ்தி வயதுதான். இளவயதில் நெஸ்தியின் முன்பல்லில் பாதியை எடுத்தவர்.

"ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாரு. ஆட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி விடிகாலைலேருந்து சங்கத்துக்குப் போன் போடறேன். ஞாயித்துக்கிழமை, எவன் எடுக்கிறான்? சரி, ஒரு மணிக்கு ஆரம்பிச்சா மூணுக்குள்ள முடிச்சிட்டு அப்படியே அடக்கத்துக்குப் போயிடலாம்னு இருக்கோம்." வேனை எட்டிப் பார்த்தார். "மத்தவங்க பின்னாடி வர்றாங்களா?"

"இவ்வளவுதான்."

"நீயும் ஆடறியா?"

"நானும்தான்."

ஜெலால் நெஸ்தியின் முட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "விட்டுக்கொடுத்து ஆடச் சொல்லமாட்டேன் நெஸ்தி. தாலிப்புக்குப் பிடிக்காது."

"நான் கேட்டேனா?"

நடுவர் கடலோரத்து நகரத்திலிருந்து வந்த இளைஞர். அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் நெஸ்தியின் அட்டையில் நின்றார், பிறந்த ஆண்டை இன்னொரு தடவை படித்தார், தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். ஆட்டம் தொடங்கியது.

ஆட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நெஸ்தி இடது ஓரத்தில் நின்றார், அதிகம் நகரவில்லை. லெஸ்காவின் வலது ஓரக்காரன், சுருட்டை முடிப் பையன், ஒவ்வொரு தடவையும் அவரைக் கடந்து போகும்போது மரியாதையாகவே சொன்னான்.

"தாத்தா, பெஞ்ச் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும்டா. அங்கே வெயில்."

வேலியோரம் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "மருந்துக்கடை! அந்த இடது பேக்குக்கு முட்டி களிம்பு ஒண்ணு போடுங்க!" என்று ஒருவன் கத்த, பீரோ ஓடுவதை நிறுத்திவிட்டு, "டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேன்!" என்று திருப்பிக் கத்தினார். அந்த நேரத்தில் ஒரு கோல் விழுந்தது. எர்மால் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தே களைத்துப்போனான். இடைவேளைக்குப் பிறகு எட்டு ஆகிவிட்டது. நெஸ்தி எண்ணுவதை விட்டுவிட்டார். கீழே விழாமல் நின்றுகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் விழுந்தால் ஆறு.

லெஸ்காவின் கல்லறைத் தோட்டம் வடக்குக் கோலுக்குப் பின்னால், சரிவில் இருக்கிறது. மைதானத்தைச் சுற்றிக்கொண்டுதான் அங்கே போகவேண்டும். இமாமுக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு அடக்கம் வந்துவிட்டதாம். மூன்று மணிக்கென்று சொன்னது முன்னாடியே கிளம்பிவிட்டது. முதலில் வேலியோரத்துச் சத்தம் அடங்கியது. தொப்பிகள் இறங்கின. பாதை வளைவில் பிரேதப் பெட்டி ஆண்கள் தோளில் தெரிந்தது.

நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எல்லாரும் அவரவர் நின்ற இடத்தில் நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். அதுவரை சரிதான், எந்த ஊரிலும் செய்வது. ஆனால் பெட்டி மைதான வாசலுக்கு நேராக வந்ததும் தோள் மாற்றுவதற்காக நின்றது. முன்னால் இருந்த கிழவர்களுக்கு மூச்சு வாங்கியது. சுருட்டை முடிப் பையன் யாரையும் கேட்காமல் வேலியைத் தாண்டிப் போய்த் தோள் கொடுத்தான். பிறகு இன்னொருவன். பிறகு ஜெலால். பத்து எண்ணுவதற்குள் லெஸ்காக்காரர்கள் பதினொரு பேரும் பூட்ஸ் காலோடு பெட்டிக்கடியில் இருந்தார்கள். பெட்டி சரிவில் ஏறத் தொடங்கியது.

களத்தில் ருஃபேயாவின் ஏழு பேரும் நடுவரும்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நெஸ்தியிடம் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார், கெட்டவர் இல்லை.

"எனக்கு நாலரைக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு சார். பத்து நிமிஷம் பார்ப்பேன். அவங்க திரும்பி வரலேன்னா, களத்தை விட்டுப் போனது அவங்கதான். மூணுக்குப் பூஜ்யம், உங்களுக்கு. நீங்க ஏழு பேரும் இப்படியே நின்னா போதும்."

"நாங்களும் போனா?"

"அப்போ ரெண்டு அணியும் வராத கணக்குதான். அவங்களுக்கு இது முதல் தடவை. உங்களுக்கு…"

"ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதா தம்பி?"

"என்னால முடியாது சார். அங்கேயும் இருபத்திரண்டு பேர் நிக்கிறாங்க."

நெஸ்தி புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். ருஃபேயா ஓர் ஆட்டம் ஜெயித்து நாலு வருஷம் ஆகிறது. சும்மா நின்றால் ஜெயம். சும்மா நின்றால் கழகம் பிழைத்தது, அடுத்த இலையுதிர் காலத்தில் மறுபடி வேனை எடுத்துக்கொண்டு கதவு தட்டலாம். இத்தனை வருஷமாக வேறென்ன செய்தார்? நின்றுகொண்டுதானே இருந்தார்.

பீரோ பக்கத்தில் வந்தார். "நில்லு நெஸ்தி. தாலிப் இருந்தா அவனே சொல்லுவான், நில்லுன்னு. உயிரோட இருக்கறவங்களைத்தான் பார்க்கணும்."

அது நியாயமான பேச்சு. சரிவில் பெட்டி இன்னொரு தடவை நின்றது, தோள் மாற்றிக்கொண்டார்கள். தாலிப் கனமான ஆள். அந்தக் கனத்தோடுதான் அன்றைக்கு ருஃபேயா சட்டை தையல் விட்டுப் பிரியப் பிரிய ஓடினான்; அம்மாவைத் திட்டியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பெட்டி முதுகுக்குப் பின்னால் போக, இங்கே நின்று மூணுக்குப் பூஜ்யம் ஜெயிப்பதா? நெஸ்திக்கு வெட்கமாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. அலுப்புதான் அதிகம்.

"பீரோ, நீங்கள்லாம் இருங்க. யாரையும் வரச் சொல்லல" என்றார்.

"நீ போனா ஆறுதானே. நாங்க இருந்து என்ன பண்ண?"

"அதுவும் சரிதான்."

அவர் கேப்டன் பட்டையைக் கழற்றி நடுவர் கையில் கொடுத்தார். அந்த இளைஞர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். நெஸ்தி காலை இழுத்து இழுத்துச் சரிவில் ஏறினார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது எர்மால் கையுறையைக் கழற்றிக்கொண்டே பின்னால் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். பீரோ கடைசியாக, மூச்சிரைக்கத் திட்டிக்கொண்டே வந்தார். நெஸ்தி பெட்டிக்கடியில் புகுந்தபோது ஜெலால் தோளைக் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தார். முட்டி ஒவ்வோர் அடிக்கும் ஊசி குத்தியது. குழி வரைக்கும் அவர் தோளை எடுக்கவில்லை.

மண் போட்டுவிட்டு, குழாயடியில் கைகழுவிவிட்டு, எல்லாரும் தாலிப் வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் சுவரோரம் நாற்காலி வரிசை. வருகிறவர்கள் வரிசையில் இருக்கும் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, "போனது போகட்டும், சுகத்தை உங்களுக்கு விட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்ல வேண்டும். வீட்டு ஆண்கள் எழுந்து நின்று, "நீங்க நல்லா இருங்க" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சிகரெட், சர்க்கரை போடாத காப்பி.

நெஸ்தி சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் உட்காரப் போனார். தாலிப்பின் மகன் ஃபெரித் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அங்கே வேண்டாம் சித்தப்பா. இங்கே, என் பக்கத்துல."

"இது உங்க வீட்டாளுங்க வரிசைடா."

"தெரியும். உட்காருங்க."

உட்கார்ந்தார். அழுக்கு ஜெர்சி, சேறு படிந்த கால். கொஞ்ச நேரத்தில் உள்ளறை வாசலில் தாலிப்பின் மனைவி ஹைரியே வந்து நின்றாள். அவருடைய கோலத்தைப் பார்த்தாள்.

"எத்தனை, நெஸ்தி?"

"எட்டு, அண்ணி. உங்க ஆளுங்கதான் முன்னாடி. பாதியில நின்னு போச்சு."

"எட்டா." அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. "அந்த வருஷம் அஞ்சு பேரை உனக்குக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தாரு. ஊரே திட்டுது, உனக்கென்ன பைத்தியமான்னு நானும் கேட்டேன். அவங்களைப் பட்டியல்லேருந்து அடிச்சிட்டாங்கன்னா அப்புறம் நாம யாரை ஜெயிக்கிறதுன்னாரு."

வரிசையில் ஒரு கிழவர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நெஸ்தியும் சிரித்தார். சிரித்தபோதுதான் கண்ணில் நீர் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. இந்த வீட்டில் இன்றைக்கு யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

வெளியே ஜெலாலின் போன் அடித்தது. யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார், போனை அணைத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். நெஸ்தி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர்தான் என்று கேட்காமலே தெரிந்தது; ருஃபேயாவுக்கு இரண்டாவது தடவையும் கணக்கில் ஏறிவிட்டது. ஜெலால் தன் பையன்களைக் கூட்டி ஏதோ சொன்னார். அவர்கள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். ஃபெரித்துக்கு ஏற்கெனவே கல்லறையிலேயே கைகொடுத்தவர்கள்தான். இப்போது அவனைத் தாண்டி நெஸ்தியின் முன்னால் வந்து நின்றார்கள்.

ஜெலால் கையை நீட்டினார்.

"போனது போகட்டும் நெஸ்தி. சுகத்தை உனக்கு விட்டுட்டுப் போகட்டும்."

நெஸ்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க நல்லா இருங்க" என்றார்.

பின்னாலிருந்து பையன்கள் வந்தார்கள். ஒவ்வொருவனும் அதையே சொன்னான், ஒவ்வொருவனுக்கும் அவர் அதையே சொன்னார். நடுவில் ஃபெரித், "உட்கார்ந்துகிட்டே சொல்லுங்க சித்தப்பா, முட்டி வலிக்கும்" என்றான். அவர் உட்காரவில்லை. கடைசியில் வந்தவன் சுருட்டை முடிப் பையன். கையைப் பிடித்துக்கொண்டு வார்த்தை மறந்து நின்றான்.

"பரவாயில்லடா" என்றார் நெஸ்தி. "நல்லா இரு."

எதிர் வரிசையில் ருஃபேயாவின் ஆறு பேரும் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பீரோ வெளிப்படையாகவே அழுதார்.

வெயில் இறங்குமுன் வேனுக்கு வந்தார்கள். நெஸ்தி சாவியை எர்மாலிடம் கொடுத்தார்.

"நீ ஓட்டு. எனக்குத் தூங்கணும்."

பின் இருக்கையில் அணிச் சட்டைகள் இருந்த மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். முன்னால் எர்மால் கண்ணாடியைச் சரிசெய்தான், வண்டியைக் கிளப்பவில்லை. அந்தப் பழைய கதை அவனுக்கும் தெரியும்.

"நல்லாத் தூங்குங்க சித்தப்பா. முழிக்கும்போது எல்லாரும் இருப்போம்" என்றான். பிறகு யோசித்து, பொய் சொல்ல மனம் வராமல் சேர்த்துக்கொண்டான்: "ஊர் வரைக்கும்."